களவு போனவை: சூட்டுக்கோல் பூ, நாற்பத்து மூன்று

எழுதுங்கள். பெயர், செலின் மேரி தனிஸ்லாஸ். வயது எழுபது. தொழில் என்று கேட்டிருக்கிற இடத்தில் நீங்களாக 'இல்லத்தரசி' என்று எழுதிவிடாதீர்கள். தர்க்கவியல் பேராசிரியை, விருப்ப ஓய்வு. திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் இருபத்து நான்கு ஆண்டுகள், சரியாகச் சிந்திப்பது எப்படி என்று கற்பித்தவள். கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஐந்து நாளைக்கு முன்புதான் கோயம்புத்தூரில் கண்புரை எடுத்தார்கள். வெயில் படக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது. இந்த மூன்றில் கடைசியை இன்று காலை மீறினேன். ஏன் மீறினேன் என்பது அதற்குரிய இடத்தில் வரும். நான் எதையும் வரிசை மாற்றிச் சொல்கிற வழக்கமில்லை.

களவு போன பொருள், பூ.

உங்கள் காக்கிச் சட்டையில் கலாவல்லி என்று பெயர் இருக்கிறது. கலாவல்லி, பேனாவை மூடிவைத்துவிட்டு "பூதானேம்மா, பேசி முடிச்சுக்கலாமே" என்கிறீர்கள். ஆடு காணாமல் போனால் எழுதுவீர்கள் அல்லவா? ஆடு தானாகக்கூட நடந்து போயிருக்கலாம். பூ நடக்காது. ஆகவே ஆட்டை விடப் பூவில்தான் களவு ஐயமறத் தெரிகிறது. பேனாவைத் திறங்கள்.

எண்ணிக்கை நாற்பத்து மூன்று. கோயம்புத்தூருக்குப் புறப்பட்ட அன்று காலை பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தபோதும் நின்று எண்ணினேன். நேற்று மாலை திரும்பி வந்து மறுபடியும் எண்ணினேன். பூ இல்லை, வெட்டின தண்டுகள் நாற்பத்து மூன்று. சாய்வாக, ஒரே வீச்சில் வெட்டிய வெட்டு. தேயிலைச் செடியைக் கழித்துவிடுகிற கவ்வாத்துக் கத்தியால் வெட்டினால்தான் அப்படி விழும். கத்தியையும் கொண்டு வந்திருக்கிறேன். வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் மடியில் இருக்கிறது. அவளேதான் எடுத்துக்கொண்டு வந்தாள். "டேசன்ல கத்தியக் கேப்பாங்கல்ல டீச்சரம்மா" என்று சொல்லிச் செய்தித்தாளில் சுற்றி வைத்துக்கொண்டாள். குற்றவாளியே சான்றுப் பொருளைச் சுமந்து வருகிற வழக்கு உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது.

பெயர் மாரியாயி. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கிறாள். என் வீட்டில் தோட்ட வேலை. எத்தனை ஆண்டாக என்றால், நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே. நான் டீச்சர் அல்ல, பேராசிரியை என்று இருபத்தைந்து ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "ஆமாங்க டீச்சரம்மா" என்கிறாள்.

அவள் பெயரை இன்னும் எழுத வேண்டாம் என்கிறீர்களா? எழுதினால் வழக்காகிவிடும், வயசான பொம்பளை, உள்ளே வைக்கும்படி ஆகும் என்கிறீர்கள். ஆகட்டும். அதற்காகத்தானே வந்திருக்கிறேன். சரி, அந்த இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். முழுவதும் கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் சொல்லி முடிக்கும்போது நீங்களே எழுதுவீர்கள்.

இந்தப் பூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரியாமல் பார்த்திருப்பீர்கள். ரெட் ஹாட் போக்கர் என்பார்கள். அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை மண்ணில் குத்தி நிறுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி. தண்டு இடுப்பு உயரம் வரும். நுனியில் சோளக்கதிர் மாதிரிக் குழல் குழலாகப் பூ தொங்கும். உச்சியில் நெருப்புச் சிவப்பு, கீழே வரவர மஞ்சள். மாரியாயி சூட்டுக்கோல் என்பாள். அவள் வாழ்நாளில் வைத்த ஒரே சரியான பெயர் அதுதான், அதையே எழுதுங்கள்.

ஊரில் இருக்கிற மற்ற சூட்டுக்கோல்கள் கோடையிலேயே பூத்துவிடும். சீசனுக்கு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுச் செடி அந்த வகையல்ல. எல்லாப் பூவும் முடிந்து, சீசன்காரர்கள் இறங்கிப் போய், ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் குருத்து விடும். விதைப் பொட்டலத்தின் மேல் 'இலையுதிர்காலத்தில் பூப்பது' என்று அச்சிட்டிருந்ததாம். இந்த மலையில் எந்த மரம் இலையுதிர்க்கிறது, யூக்கலிப்டஸா? ஐப்பசியில் பூப்பது என்று போட்டால் பொட்டலத்தில் இடம் போதாதா?

மற்றப் பதினோரு மாதமும் அது வெறும் புல். புல்லாவது மெத்தென்று இருக்கும். இது முழ நீள இலை, விளிம்பில் வாள். கை வைத்தால் அறுக்கும். அந்தச் செடியில் எனக்குப் பிரியம் கிடையாது. அதைத் தெளிவாகப் பதிவு செய்யுங்கள். சரிவில் வைக்க வேண்டும், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணல் வேண்டும். ஆடியில் தொழுவுரம், அதுவும் குருத்தின் மேல் படாமல் சுற்றிலும். தூரைப் பிரித்து நட்டால் கோபித்துக்கொண்டு இரண்டு ஆண்டு பூக்காது. கார்த்திகை பிறந்ததும், உறைபனி விழுவதற்கு முன்பு, ஒவ்வொரு தூரின் இலைகளையும் தூக்கிச் சேர்த்துச் சடை பின்னுவது போலப் பின்னி முடிச்சிட வேண்டும். அப்போதுதான் குருத்துக்குள் பனி இறங்காது. பதினேழு தூர், பதினேழு சடை. அந்தப் பின்னல் எனக்கு வராது. மாரியாயிக்கு வரும். பிரியம் இல்லாமலே இவ்வளவும் தெரிந்து வைத்திருக்கிறேன் என்றால், அது படித்தவளின் ஒழுக்கம்.

பிரியம் இருந்தது என் கணவருக்கு. அவர் தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கர், இலையைப் பக்குவம் பார்த்துத் தூளாக்குகிற வேலை. மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. ஒரு திருமண வீட்டில் அறிமுகமாகி, நான்கு மாதம் கடிதம் எழுதினார். நான்காவது கடிதத்தில் இந்தச் செடியைப் பற்றி எழுதியிருந்தார். 'எங்கள் தோட்டத்தில் ஒரு செடி உண்டு. ஊரே பூத்து ஓய்ந்த பிறகு பூக்கும். உங்களையும் என்னையும் போல.' ஒப்புமை ஒரு வாதமாகாது என்று பதில் எழுதினேன். அடுத்த மாதம் திருமணம். வேலையை விட்டுவிட்டு மலையேறினேன். என்னை விட எட்டு வயது மூத்தவர். அப்படித்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அதை விடுங்கள்.

பத்தொன்பது ஆண்டு வாழ்ந்தோம். சண்டை இல்லை. அவர் பேசமாட்டார், பேசாதவரோடு எப்படிச் சண்டை போடுவது? எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். மழைக்கு மூன்று மாதம் முன்பே விறகு அடுக்கியிருக்கும். என் ரயில் டிக்கெட்டின் பின்புறம் திரும்பி வருகிற பஸ்ஸின் நேரம் எழுதியிருக்கும். விதைக்காத தொட்டியில்கூட என்ன விதைக்கப் போகிறார் என்று குச்சியில் பெயர் குத்தி வைத்திருப்பார்.

இனி முக்கியமான இடம். நீங்கள் இந்துவா? அப்படியானால் விளக்க வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் கல்லறையைக் கழுவி, மெழுகுவத்தி ஏற்றி, பூ வைப்போம். நான் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் திருச்சிக்குப் போய்விடுவேன், என் தாய் தந்தையர் அங்கே அடக்கம். அக்டோபர் முப்பது புறப்பட்டால் நவம்பர் ஐந்து திரும்புவேன். புறப்படும்போது செடியில் மொட்டு நிற்கும். திரும்பும்போது ஒன்றும் இருக்காது. "பூத்ததா?" என்பேன். "பூத்தது" என்பார். "எங்கே?" என்பேன். "மழை" என்பார். பத்தொன்பது ஆண்டும் நான் மழை என்றே நம்பினேன். பொய் சொல்லத் தெரியாத குடும்பத்தில் பிறந்தவள் நான். பொய்யை அடையாளம் காணப் பழக்கமில்லை.

ஒருமுறை, அது அவர் இறப்பதற்கு மூன்று நான்கு ஆண்டு முன்பு இருக்கும், நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கதவருகே வந்து நின்றார். "செலின், இந்த வருஷம் இங்க இரேன். கல்லறைக்கு ஒருதரம் வா. ஒண்ணு காட்டணும்." எதைக் காட்ட வேண்டும், வாயால் சொன்னால் என்ன என்று கேட்டேன். "பார்த்தாத்தான் புரியும்" என்றார். எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது. வாயால் சொல்ல முடியாத கூற்றுக்கு உண்மை மதிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். எவ்வளவு மறைத்து மறைத்து வாழ்ந்திருக்கிறார் என்பதற்காக இதைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறு ஆண்டுக்கு முன்பு, ஆடி மாதம் போய்விட்டார். மாரடைப்பு. கொட்டுகிற மழையில் அடக்கம். குழிக்குப் பக்கத்தில் போய் நின்றபோதுதான் அந்தக் கல்லைப் பார்த்தேன்.

கல் புதிதல்ல. முதல் மனைவி ரெஜினா இறந்தபோது வைத்த கல். மேலே ரெஜினா, பிறப்பு, இறப்பு. அதற்குக் கீழே தனிஸ்லாஸ், பிறப்பு, இறப்பு என்று வெட்டி, இறப்புக்கு நேரே வெற்றிடம். எனக்கு முதல் கடிதம் எழுதியபோதே அவர் பெயர் இன்னொருத்தியின் பெயருக்குக் கீழே கல்லில் வெட்டப்பட்டாகிவிட்டது. பத்தொன்பது ஆண்டு! ஒரே மேசையில் சாப்பிட்டோம். உப்புக் குறைவென்று சொன்னார், கணப்பு புகைகிறதென்று சொன்னார். இதை மட்டும் சொல்லவில்லை. மறுநாள் கொத்தன் வந்து தேதியை மட்டும் நிரப்பினால் போதும், கல் முழுமை. ரெஜினாவும் தனிஸ்லாசும். நான் யார், வாடகைக்கு இருந்தவளா?

குழியிலிருந்து வெட்டிப் போட்ட செம்மண் கல்லின் மேல் பாதி உயரத்துக்குச் சாய்ந்து கிடந்தது. அதில் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். திரும்பினேன். இனி இங்கே என் கால் படாது என்று அங்கேயே முடிவு செய்தேன். நான் ஒரு முடிவு செய்தால் செய்ததுதான்.

வீட்டுக்கு வந்து மாரியாயியிடம் "அந்தச் சூட்டுக்கோலை எல்லாம் பிடுங்கி எறி" என்றேன். அதுவரை எனக்கு அந்தப் பூவில் ஐயம் எதுவும் இல்லை, அவருடையது என்பதால் சொன்னேன். அவள் வாய் சும்மா இருக்குமா?

"வேணாங்க டீச்சரம்மா. அது ரெஜினாம்மாவுக்குன்னு ஐயா போட்ட பூவு. கல்லறைத் திருநாளுக்குச் சரியா வெடிக்கணும்னு தேடித் தேடி வெதை வாங்கினாரு. வருசா வருசம் நாந்தான் கட்டுக் கட்டிக் கல்லறை வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போவேன், உள்ள ஐயா மட்டுந்தான் போவாரு."

கேட்டீர்களா! மழை இல்லை. மழை ஒரு பூவைக்கூடத் தொடவில்லை. 'உங்களையும் என்னையும் போல' என்று எனக்கு எழுதியது ரெஜினாவின் கல்லறைப் பூவை. இவளுக்குத் தெரிந்திருந்தது. பத்தொன்பது ஆண்டும் தெரிந்தே என் முன்னால் களை பிடுங்கினாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க கேக்கலையேங்க" என்கிறாள்.

பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை விடச் சரியான தண்டனை எனக்குத் தோன்றியது. செடி இருக்கட்டும், நன்றாக வளரட்டும், பூக்கட்டும். ஆனால் ஒரு பூக்கூட இந்தக் காம்பவுண்டை விட்டு வெளியே போகக்கூடாது. அந்தக் கல் வெறுங்கல்லாகக் கிடக்கட்டும். அன்றிலிருந்து நவம்பர் இரண்டாம் தேதி திருச்சிக்குப் போவதை நிறுத்தினேன். காலையிலிருந்து மாலை வரை தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தேன். ஆறு ஆண்டு. தேன்சிட்டு வரும், குழலுக்குள் மூக்கை விடும், போகும். அதற்கு மட்டும் அனுமதி. பூ அப்படியே நின்று, பழுத்து, கறுத்து, தண்டிலேயே துடைப்பமாகக் காயும். மாரியாயி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உச்சுக்கொட்டுவாள். "பாவமா இருக்குங்க." யாரைப் பார்த்தால் பாவம் என்று நான் கேட்கவில்லை.

என் பெற்றோரின் கல்லறையை இந்த ஆறு ஆண்டு யார் பார்த்தார்கள் என்கிறீர்களா? அது வேறு பொருள். மனுவோடு தொடர்பில்லாதது.

இந்த ஆண்டு கண். அக்டோபர் முப்பத்தொன்றுதான் கிடைத்த தேதி. மாற்றிக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். மாரியாயியைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னேன், ஒரு பூவும் போகக்கூடாது என்று. "சரிங்க டீச்சரம்மா" என்றாள். அவளுடைய சரிக்கு என்ன பொருள் என்று இத்தனை ஆண்டில் நான் ஆராயாதது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று மாலை வந்தேன். நாற்பத்து மூன்று மொட்டைத் தண்டு. காபியோடு வருகிறாள். "கண்ணு நல்லாத் தெரியுதுங்களா?"

"தெரிகிறது. பூ எங்கே?"

"ஐயாகிட்ட."

அவ்வளவுதான். ஓர் ஒளிவு, ஒரு தடுமாற்றம், ஒரு தலைகுனிவு? டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நிற்கிறாள். நான் கத்தினேன் என்று பக்கத்து வீட்டார் வந்து சொன்னால் நம்பாதீர்கள். குரலை உயர்த்தினேன். நன்றி கெட்டவள் என்றேன். எனக்குச் செய்த துரோகம் என்றேன். வேலையை விட்டுப் போ என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "போறேங்க. சடை பின்னிட்டுப் போறேன். அடுத்த வாரம் பனி விழுந்துரும்."

இன்று காலை ஆட்டோவில் அவளையும் ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நான் கால் வைக்கமாட்டேன் என்று சொன்ன இடம்தான். சான்று இல்லாமல் குற்றம் சாட்டுகிறவள் அல்ல நான். எந்தக் கல் என்று எனக்கு நினைவில்லை, அவள்தான் வழி காட்டினாள்.

அள்ளிக்கொண்டு போய் மேலே கொட்டியிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு தண்டாக மண்ணில் குத்தி நிறுத்தியிருந்தாள். நட்ட மாதிரி. இரண்டு மூன்று நாள் மழையில் நனைந்தும் சாயவில்லை, அந்த ஈரத்தில் சிவப்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அறுவை முடிந்த கண்ணால் நான் தொலைவில் பார்த்த முதல் நிறம் அதுதான். எரிச்சலாக வந்தது. வரிசை மூன்று.

"எதற்கு மூன்று?" என்றேன்.

"மூணு பேருங்களே."

"எந்த மூன்று பேர்?"

"கல்லுல மூணு எழுத்து இருக்குதுல்லங்க. ஐயாவக் குழியில வச்சப்ப ஏறின மண்ணு, யாரும் எடுக்கல. பூ வைக்கப் போனவ, கல்லையும் கழுவிருவோம்னு கத்தியால சொரண்டினேன். அடியில இன்னொரு எழுத்து வந்துச்சு. எழுத்துன்னா ஆளு இருக்கும்ல? ரெண்டு பேருக்கு வச்சு ஒருத்தருக்கு வைக்காம வந்தா நல்லாவா இருக்கும்?"

அவளுக்குப் படிக்கத் தெரியாது, கலாவல்லி. இதையும் எழுதுங்கள்.

அப்போதுதான் குனிந்தேன். கண்ணில் ரத்தம் இறங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மண்டியிட்டே குனிந்தேன்.

ரெஜினா. தனிஸ்லாஸ். அதற்குக் கீழே, அதே உளி, அதே அளவு எழுத்து: செலின் மேரி. பிறப்புக்கு நேரே தேதி. இறப்புக்கு நேரே வெற்றிடம்.

இப்போது சொல்லுங்கள். உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் பெயரை, அவளைக் கேட்காமல், அவள் ஒப்புதல் இல்லாமல், கல்லறையில் வெட்டி வைப்பது எந்தச் சட்டப்பிரிவில் வரும்? நான் அங்கே வருவேன் என்று எந்த ஆதாரத்தில் முடிவு செய்தார்? திருச்சியில் என் தாய்க்குப் பக்கத்தில் எனக்கு இடம் இருக்கிறது. இருந்தது. யாரைக் கேட்டார்? மூன்றாவதாக எழுதியிருக்கிறார், வரிசையில் மூன்றாவதாக! விதைக்காத தொட்டியில் குச்சி நடுகிற மாதிரி என் பெயரை நட்டு வைத்திருக்கிறார்! எப்போது செய்தார், எந்த ஆண்டு செய்தார், எத்தனை முறை அதன் முன்னால் பூவோடு நின்றார், ஒன்றும் தெரியாது. கேட்பதற்கு ஆள் இல்லை. காட்ட வேண்டும் என்றாரே, வாயால் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

இறந்தவர் மேல் மனு வாங்க முடியாது என்கிறீர்கள். தெரியும். உங்கள் சட்டத்தின் பெரிய ஓட்டை அது.

தண்ணீர் வேண்டாம். கண்ணில் வழிவது மருந்து. மணிக்கொரு தரம் சொட்டு விடச் சொல்லியிருக்கிறார்கள், துடைக்கக்கூடாது.

மூன்று வரிசையையும் எண்ணினேன். வழக்கமாக எண்ணுகிறவள், எண்ணினேன். பதினான்கு, பதினான்கு, பதினைந்து. மூன்றாவதில் ஒன்று கூடுதல். உயிரோடு இருக்கிறவளுக்குக் கல்லறைப் பூ வைத்ததே பெரும் அபத்தம். அதில் கூடுதல் வேறு. "ஏன் இதில் மட்டும் பதினைந்து?" என்றேன். அவள் கத்தியைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொல்கிறாள்: "நாப்பத்து மூணுல ஒண்ணு மிஞ்சுச்சு. அந்த ஆளு இத்தன வருசமா மண்ணுக்குள்ள மூஞ்சி மூடிக் கெடந்துருக்கு. யாரு பெத்த புள்ளையோ. அதான் அதுக்கு வச்சேன்."

அந்த ஆள் யார் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நேரே இங்கே வந்துவிட்டேன்.

என்ன? "அப்போ இவங்க பேர எழுதணுமாம்மா?" என்கிறீர்களா? யோசித்துத்தான் பேசுகிறேன். களவு என்றால் என்ன? உரியவரின் பொருளை, உரியவரின் ஒப்புதல் இல்லாமல், உரியவரிடமிருந்து அகற்றுதல். பதினான்கு, அதை நட்டவருக்குப் போயிருக்கிறது. பதினான்கு, யாருக்காக நட்டாரோ அவளுக்கு. பதினைந்து எனக்கு. ஆக, உரியவர்களிடமிருந்து எதுவும் அகற்றப்படவில்லை; இடம்தான் மாறியிருக்கிறது. தர்க்கப்படி களவு நிறுவப்படவில்லை. இது இரக்கம் அல்ல, முடிவு. இரக்கம் என்று எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன்.

மேலும், பதினேழு சடை இருக்கிறது. என்னால் குனிய முடியாது. அவளை நீங்கள் உள்ளே வைத்தால் கார்த்திகைப் பனி உங்களைக் கேட்டுக்கொண்டா விழும்? அடுத்த ஐப்பசியில் பூ வேண்டாமா? தண்டை அடியோடு வெட்ட வேண்டும், நடுவில் வெட்டினால் மழைத் தண்ணீர் தண்டுக்குள் இறங்கிக் கிழங்கை அழுகவைக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த ஆண்டு நான் கூடவே நிற்கப் போகிறேன். கல்லறைக்கும் வருவேன். மேற்பார்வைக்கு.

அவள் பெயருக்கு விட்ட இடத்தில் எழுதுங்கள்: மாரியாயி, சாட்சி. ஆமாம், சாட்சி. எதற்குச் சாட்சியா? அந்தக் கல்லுக்கு.

மனுவைக் கிழிக்காதீர்கள். நான் சொல்லி எழுதின தாளை நானே கிழிக்கிற பழக்கம் இல்லை. கோப்பில் வையுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒரு திருத்தம்.

கல்லில் என் பிறந்த ஆண்டைத் தவறாக வெட்டியிருக்கிறார். ஐம்பத்து மூன்று என்று இருக்கிறது. அது ஐம்பத்தொன்று. எட்டு வயது மூத்தவர் என்றேனே, ஆறுதான். அவராக எங்கிருந்து கண்டுபிடித்தார் என்று பார்க்கிறீர்களா? அவர் எதையும் கண்டுபிடிக்கிற ஆள் அல்ல. சொன்னதை எழுதுகிற ஆள். இரண்டாவது கடிதத்தில் கேட்டிருந்தார், நான் பதில் எழுதினேன். நாற்பத்தைந்து என்று. அந்த வயதில் நாற்பத்தேழு என்பது ஒரு பெண்ணுக்கு... அதற்கும் அவர் கல்லை மறைத்ததற்கும் தொடர்பில்லை. தனித்தனிப் பொருள்கள். ஒப்புமை ஒரு வாதமாகாது.

கல்லில் கூடுதலாக வெட்டலாம், வெட்டினதை அழிக்க முடியாது என்று மாரியாயி சொல்கிறாள். அவள் அதையாவது சரியாகச் சொல்வாள் என்று வைத்துக்கொள்வோம். தாளைத் திருத்தலாம் அல்லவா? மேலே, பெயருக்குப் பக்கத்தில், வயது எழுபது என்று எழுதியிருக்கிறீர்கள். அடியுங்கள். எழுபத்திரண்டு.

எண்ணால் எழுத வேண்டாம். எழுத்தால் எழுதுங்கள்.